சின்னவருக்கு இன்னொரு பிறந்தநாள்

இந்த வீட்டுக்குள் நாய் நுழையக்கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் போட்டவரே மாஸ்டர்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். "பிரேக்!" என்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்துத் தெரு வண்டியும் நின்றுவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர், மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன நாயைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதை அவர் மனைவி கண்குளிரப் பார்த்து வருகிறாள். அதற்குச் 'சின்னவர்' என்று பட்டம் சூட்டியதும் அவள்தான். பெரியவருக்கு இல்லாத மெத்தை சின்னவருக்கு உண்டு. சின்னவருக்குக் கோழிக்கறியை எலும்பெடுத்து, ஊதி ஊதி ஆற்றித்தான் வைக்கவேண்டும்.

போன வாரம் மகள் போன் செய்தாள். புது வீட்டில் தோட்டம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து நாயைக் கூட்டிப்போகிறேன் என்றாள். மாஸ்டர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"அன்னைக்கு அவனுக்குப் பிறந்தநாளாச்சேம்மா. நாலு பேரைக் கூப்பிட்டிருக்கேன். பிறந்தநாளும் அதுவுமா எப்படி அனுப்புறது?"

அவர் ஒருத்தரையும் கூப்பிட்டிருக்கவில்லை. போனை வைத்த பிறகுதான் கூப்பிடவே ஆரம்பித்தார். மாஸ்டரே நாள் குறித்து நடத்திய சின்னவரின் போன பிறந்தநாள் ஆறு மாசத்துக்கு முன்னால், அடைமழையில் நடந்தது; வந்தவர்கள் மிதித்த சேற்றையெல்லாம் துடைத்தவள் மனைவிதான். வருஷத்துக்கு இரண்டு தடவை பிறக்கும் பிராணியை அவள் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் எவ்வளவு தூரம் போகிறார் என்று பார்க்க அவளுக்கும் ஆசை.

ரொம்ப தூரமே போனார். பம்ப் சத்தம் சின்னவருக்கு ஆகாது என்று அத்தனை பலூனையும் வாயாலேயே ஊதி மூச்சு வாங்கினார். தெருமுனைத் தையல்காரம்மாவிடம் நாய்க் கழுத்துக்கு ஒரு டை தைத்து வாங்கினார். கோழிக்கறியும் கேரட்டும் அரைத்து, சர்க்கரையில்லாத கேக் ஒன்று தயாரானது. விழாவில் பலமாகக் கைதட்டியவர்கள் டிரைவிங் டெஸ்டில் தோற்றுத் திரும்பி வந்த மாணவர்கள். பாவம், அவர்களுக்கு வேறு வழியில்லை. விழா நாயகர் காகிதக் கிரீடத்தைக் கடித்துத் துப்பினார், பாட்டு முடிவதற்குள் கேக்கில் மூக்கைப் புதைத்தார், ஒரு பலூன் வெடித்ததும் சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

சொன்னபடியே நாயைக் கூட்டிப்போக வந்திருந்த மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்ப்பா, போன பிறந்தநாளுக்கு எல்லாரும் குடையும் கையுமா நிக்கிற போட்டோ அனுப்பினீங்களே? இப்ப வெயில் மண்டையைப் பிளக்குதே?"

மாஸ்டர் முகத்தில் அசடு வழிந்தது. "அது வந்து... போன தடவை கொஞ்சம் தள்ளிக் கொண்டாடிட்டோம்."

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. விருந்தாளிகள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

வீடு காலியானதும் மகள் நாய்ச்சங்கிலியைக் கையில் எடுத்தாள். வெயில் தாழட்டும் என்றார் மாஸ்டர். கேக் ஜீரணமாகட்டும் என்றார். மகளின் குரல் மாறிவிட்டது.

"நான் இந்த வீட்டை விட்டுப் போன அன்னைக்கு, 'சீட் பெல்ட் போட்டுக்கோ'ன்னு மட்டும்தான் சொன்னீங்க. வழியெல்லாம் அழுதுக்கிட்டே போனேன். நாய்க்குன்னா மட்டும் பிறந்தநாள் மேல பிறந்தநாளா?"

இப்படிப்பட்ட நேரங்களில் கணவருக்காக மனைவிதான் பேசிச் சமாளிப்பாள். இன்றைக்கு அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாஸ்டர் சுவரில் ஒட்டியிருந்த பலூனைப் பிய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"நீ வேலை முடிஞ்சு வர்ற நேரத்துக்கு இவன் இன்னமும் தினம் வாசல்ல போய் நிக்கிறான். நானும் கூடப் போய் நிப்பேன். யாராவது கேட்டா, நாய் உனக்காகக் காத்துக்கிட்டிருக்குன்னு சொல்லிக்குவேன். இவனும் போயிட்டா, நான் யாரைச் சாக்கு சொல்லி அங்க நிக்கிறது?"

மகள் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. கொஞ்ச நேரம் கழித்துச் சங்கிலியைத் தரையில் வைத்தாள்.

"இவன் இங்கயே இருக்கட்டும்ப்பா."

மாஸ்டர் தலையை ஆட்டினார். பலூனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நீயும் இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போயேன்" என்றார்.