மெழுகு பூசிய சறுக்கு வண்டி

வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள், இரும்புச் சாமான் கடையில் மூன்று சறுக்கு வண்டிகளுக்கு முன்னால் ஏலிஸ் நின்றுகொண்டிருந்தான். ரொம்ப நேரமாக நின்றதில் கடைக்காரர் அவனைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்.

முதலாவது, பிள்ளைகள் விளையாடும் சிவப்புத் தட்டு. மானை அதில் ஏற்றினால் பாதி மான் வெளியே கிடக்கும். இரண்டாவது, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் சாமான் போட்டு இழுக்கும் கறுப்புத் தொட்டி. ஒரு பன்றி குட்டிகளோடு அதில் குடியிருக்கலாம். மூன்றாவது, பாய்போலச் சுருட்டி முதுகில் கட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு. நடுவில் மானைக் கிடத்தி, ஓரங்களை மடித்து, ஷூவுக்கு நாடா கட்டுவதுபோல் கட்டி இழுக்க வேண்டியதுதான்.

கூட வந்திருந்த வைனோ, ஏலிஸின் மனைவி லெம்பிக்கு அண்ணன். அவன் தொட்டியைக் காலால் தட்டினான்.

"இத எடு மாப்ள. கனந்தான். ஆனா நில்லுன்னா நிக்கும்."

"மானே விழாதவனுக்கு எதுக்கு மச்சான் தொட்டி? வெறுந்தொட்டிய மேட்டுல ஏத்தி எறக்கவா? இதுன்னா சுருட்டிச் சட்டைக்குள்ள சொருகிக்கலாம்."

"சட்டையப் பத்தி நீ பேசாத."

அவர்களுடைய வேட்டைக் குடிலில் ஒரு சட்டம் உண்டு. மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டை வாலை, அதாவது பின்பக்கம் தொங்கும் துணியை, வெட்டிச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். சுவரில் இருந்த துணிகளில் பெரும்பாலானவை ஏலிஸுடையவை. குளிர்காலத்தில் அந்தச் சுவர்ப்பக்கம்தான் கதகதப்பு. வருஷா வருஷம் வால் தைத்துக் கை ஓய்ந்துபோன லெம்பி, இந்த முறை தூண்டில் நரம்பால் இரட்டைத் தையல் போட்டிருந்தாள். மறுபடி வாலில்லாமல் வந்தால் மானோடு காட்டிலேயே குடும்பம் நடத்து என்றும் சொல்லியனுப்பினாள்.

அவன் சுருட்டுத் தகட்டையே வாங்கினான். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. இளவயதில் ஏலிஸ் பனிச்சறுக்குப் பந்தயக்காரன். அந்தப் பக்கத்துப் பின்லாந்துக்காரர்களுக்குப் பனியில் எது வழுக்கினாலும் போதாது, இன்னும் வழுக்க வேண்டும். அன்று சாயங்காலம் அடுப்பில் இஸ்திரிப் பெட்டியைக் காயவைத்து, பந்தயத்துக்கென்று பூட்டி வைத்திருந்த மெழுகை உருக்கி, தகட்டின் அடியில் மூன்று பூச்சுப் பூசி, முகம் தெரியும்வரை தேய்த்தான். மானுக்கு ஒண்ணும் அவசரமில்லையே மாப்ள என்று வைனோ மட்டும் கேட்டான்.

இரண்டாம் நாள் மத்தியானம், மேட்டுக்கு அந்தப் பக்கத்துச் சதுப்பில் ஏலிஸ் சுட்டான். மான் விழுந்தது. சத்தம் கேட்டு வந்த வைனோ மானைப் பார்த்தான், துப்பாக்கியைப் பார்த்தான், மாரடைப்பாக இருக்குமோ என்று மானைப் புரட்டிப் பார்த்தான். குண்டு பட்ட இடம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றினான்.

நல்ல கொம்பன். வயிற்றைச் சுத்தம் செய்து, கொம்பில் உரிமச் சீட்டைக் கட்டியபோதே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. குடில் சட்டத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. இருட்டுவதற்குள் வாசல் கழியில் தொங்கினால்தான் மான். இல்லையென்றால் அது தவறிய குண்டுதான். குடில் மேட்டுக்கு இந்தப் பக்கம், ஆற்றோரம். பாதை நேரே ஆற்றை நோக்கி இறங்கி, கரையில் இடதுபுறம் திரும்பும்.

ஏலிஸ் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினான். பந்தயப் பயிற்சியில் டயர் இழுத்த பழக்கம். மான் பின்னால் நாய்க்குட்டிபோல வந்தது. உச்சியில் வைனோ நின்றான்.

"இப்ப கயித்த அவுரு. மான முன்னால விட்டு நீ பின்னால புடிச்சுக்க."

அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஏலிஸ் கையுறையைக் கழற்றினான். முடிச்சு உறைந்து கல்லாகியிருந்தது. நகத்தால் கிளறினான், வாயருகே தூக்கி ஊதினான். அவன் குனிந்திருந்த அந்த நேரத்தில் தகடு தானாகவே கிளம்பிவிட்டது.

முதலில் முழங்காலுக்குப் பின்னால் இடித்தது. அவன் பொத்தென்று மான்மேல் உட்கார்ந்தான். பிறகு மரங்கள் தனித்தனியாகத் தெரியவில்லை, வேலிபோல ஒன்றாகத் தெரிந்தன. ஒரு முயல் ஒதுங்கி வழிவிட்டது. எதிர்க்காற்றில் செத்த மானின் கண்ணில் நீர் வழிந்ததாக ஏலிஸ் இன்றைக்கும் சொல்கிறான். தொங்கிய கயிறு ஒரு கட்டையில் மாட்டி, இடுப்பு முடிச்சையும் பிய்த்துக்கொண்டு தகட்டிலிருந்து அறுந்துபோனது. பாதை இடதுபுறம் திரும்பியது. தகடு திரும்பவில்லை.

ஆறு உறைந்துதான் இருந்தது, ஆனால் முழுமனசாக உறையவில்லை. தகடு கரையிலிருந்து வழுக்கிப்போய், நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, மானின் தலை கரையைப் பார்க்கும்படி ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது. முதலில் பழைய கதவு திறப்பதுபோல ஒரு முனகல். அப்புறம் அடியில் ஒரு விரிசல் கோடு, கரைக்கும் அவனுக்கும் நடுவே மெதுவாக, யோசித்து யோசித்து ஓடியது. கோட்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்தது. ஏலிஸ் மூச்சை அடக்கினான். மூச்சுக்கும் எடை உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

வைனோ இறங்கி வந்து சேர்ந்தபோது, தகட்டின் ஓரத்தைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. மானைக் கழியில் தொங்கவிடும் கயிறு அவன் தோளில் எப்போதும் இருக்கும். குப்புறப் படுத்து வீசினான். எட்டவில்லை. மறுபடி வீசினான். நுனி ஏலிஸின் விரலுக்கு எட்டியது, அவ்வளவுதான் எட்டியது.

"மணிக்கட்டுல சுத்திக்க. மான விட்டுத் தொல. உருண்டு வந்துரு மாப்ள."

இறங்கினால் உடம்புக் கனம் முழுக்க ஒரே இடத்தில் இறங்கும். அகலத் தகடு தாங்குவதால்தான் இன்னும் மூழ்காமல் இருக்கிறோம் என்று ஏலிஸுக்குத் தோன்றியது. குடில் சுவரும் தோன்றியது. எது முதலில் தோன்றியது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

"கொம்புல கட்டுறேன் மச்சான்."

"கயிறு பத்தாது."

"ஒரு முழந்தான பத்தல. இரு."

கயிற்று நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டான். மேல்கோட்டுக்குள் கைவிட்டுச் சட்டை வாலை உருவி, கத்தியை வைத்தான். லெம்பியின் தூண்டில் நரம்புத் தையலில் கத்தி இறங்கவில்லை. அறுத்தான், அவன் அசைந்த அசைவுக்கெல்லாம் ஆறு பதில் சொன்னது. இரண்டாவது கோடு ஓடியது. முழங்கால்வரை ஈரம். கடைசியில் தையலை விட்டுவிட்டு அதற்கு மேலே வெட்டினான். பாதி முதுகோடு வால் கையில் வந்தது. ஒரு நுனியைக் கொம்பிலும் மறுநுனியைக் கயிற்றிலும் முடிந்துவிட்டு, மானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்தான்.

"இழு."

ஒரு மானையும் ஒரு மாப்பிள்ளையையும் இழுப்பதாக நினைத்து வைனோ உயிரைக் கொடுத்து இழுத்தான். அடியில் மெழுகு இருந்ததை மறந்துவிட்டான். தகடு விரிசலைத் தாண்டி, மல்லாந்து விழுந்த வைனோவையும் தாண்டி, கரையேறி, ஒரு தேவதாரு மரத்தில் முட்டித்தான் நின்றது. பின்னால் பனி பெரிய சத்தத்தோடு உடைந்து உள்ளே போனது.

"தொட்டின்னா மூழ்கியிருக்கும்," என்றான் ஏலிஸ்.

"தொட்டின்னா ஆத்துக்கே போயிருக்காது," என்றான் வைனோ.

கடைசி வெளிச்சத்தில் மான் கழியில் ஏறியது. குடிலின் சொந்தக்காரரான கிழவர் ஆர்வோ கொம்பைத் தடவிப் பார்த்தார், மெச்சினார். பிறகு கோட்டைக் கழற்றி அடுப்பருகே நின்ற ஏலிஸைப் பின்னாலிருந்து பார்த்தார். சுத்தியலை எடுத்தார். இது தானே வெட்டிக்கொண்டது, தவறவிட்டதற்காக அல்ல என்று ஏலிஸ் எவ்வளவோ வாதாடினான்.

"யாரு வெட்டுனா, எதுக்கு வெட்டுனான்னு சட்டத்துல இல்ல தம்பி. வெட்டுன வாலு செவத்துக்கு," என்று சொல்லி அவர் ஆணியை அடித்தார்.

வீட்டு வாசலில் லெம்பி நின்றிருந்தாள். அவர்கள் வந்திறங்கிய மோட்டார் வண்டியின் பின்பக்கம் கொம்பு துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். ஏலிஸைத் தோளைப் பிடித்துத் திருப்பிச் சட்டையையும் பார்த்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நல்ல மானு அண்ணே. யாரு சுட்டது?"