கேட்டால் மட்டும்

...செத்துப்போய்விட்டதா இது, காலையில் நன்றாகத்தானே இருந்தது, திரையில் ஒரே பச்சைக் கோடு, அலையைக் காணோம், கேபிளை ஆட்டிப் பார்த்தேன், ஃபியூஸைப் பார்த்தேன், அட கடவுளே, பதினெட்டு வருஷமாக இந்த மாதிரி மின் அலை உண்டாக்கும் சிக்னல் ஜெனரேட்டர்களைப் பழுதுபார்க்கிறவள் நான், குமிழ் 'டிரிகர்' முறையில் நிற்கிறது, பொத்தானை அழுத்தினால்தான் ஓர் அலை தரும், தந்துவிட்டு மறுபடி வாயை மூடிக்கொள்ளும், அழுத்தினேன், ஒன்று வந்தது, போனது... என் வீட்டுக்காரர் மாதிரியே. மணி மூன்று பத்து. மூன்று மணிக்கு ரிசல்ட் தருவார்கள், அவர் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த சதையின் ரிசல்ட், தேதி இன்றுதான் என்பதே எனக்குக் காலையில்தான் தெரியும், ஏன் சொல்லவில்லை என்று குதித்தேன், "நீ கேக்கலியே" என்றார், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா, கல்லுளிமங்கன், கட்டிக்கொண்ட எனக்குத்தான் தெரியும்...

குமிழைத் திருப்பினேன், 'தொடர்' முறை, யாரும் கேட்காமலே அலை மேல் அலையாக ஓடுகிறது, பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்குகிறது, கல்யாணமான புதிதில் இவரும் இப்படித்தானே இருந்தார், ஆபீஸ் படிக்கட்டு, பக்கத்து சீட்டுக்காரரின் குறட்டை, எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது, வாய் ஓயாது, நான்தான் ஒரு நாள், மண்டையைப் பிளக்கிற தலைவலி, மடிக்காத துணி மலையாகக் கிடந்தது, "கொஞ்சம் சும்மா இருங்களேன், கேட்டா மட்டும் சொல்லுங்க"... சொன்னேனா? சொன்னேன். அவர் சிரிக்கக்கூடச் சிரித்தார். அன்றைக்குக் குமிழைத் திருப்பியது யார்?

கைப்பேசியை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். "சொல்லு." "ரிசல்ட் வாங்கிட்டீங்களா?" "ம், வாங்கிட்டேன்." அவ்வளவுதான், கேட்டதற்கு ஒன்று. அடுத்த கேள்வி நாக்கு நுனியில், கேட்கவில்லை, பயமாக இருந்தது, இந்த மெஷினில் 'கேட்' என்று, வாசல் கேட் மாதிரி, இன்னொரு முறை உண்டு, பொத்தானிலிருந்து விரலை எடுக்காதவரை அலை வந்துகொண்டே இருக்கும், நானும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சும்மா இருந்தேன், அவருடைய மூச்சு, பஸ் இரைச்சல், மறுபடி மூச்சு... "ஏய், இருக்கியா?" "இருக்கேங்க." "இங்க பஸ் ஸ்டாப்புல ஒரு பூனை, பெஞ்சே தனக்குத்தான்னு நீட்டிப் படுத்திருக்கு, ஒரு அம்மா நகரு நகருங்கறாங்க, கண்ணைத் தெறந்து பாத்துட்டு திரும்ப மூடிக்குது, நான் பாட்டுக்கு நின்னுட்டிருக்கேன், அப்புறம் பாரேன்..." பேசுகிறார், நான் கேட்காமலே, எத்தனை வருஷம் ஆயிற்று, குரலில் இருப்பது நடுக்கமா, சிரிப்பா, இரண்டும் ஒன்றுபோலவே கேட்கிறது, அந்தக் காகிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்... கேட்டால் நின்றுவிடுமே.