வடக்கே நடந்த கடை

1929ஆம் ஆண்டு ஆவணி மாதத்து முதற் செவ்வாய்க்கிழமை, உடுப்பிட்டியில் அருளம்பலத்தின் கடை ஒரு முழம் வடக்கே நகர்ந்திருந்தது. காலையில் பூட்டைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனவர் பகல் திரும்பி வந்தபோது, பின்சுவருக்கும் அடுத்த காணி வேலிக்கும் நடுவே வெயில் காணாத ஈரமண் தெரிந்தது. ஊரார் முதலில் ஓடிப்போய் அளந்தது தத்தம் வேலிகளைத்தான். ஆளில்லாத நேரம் பார்த்து வேலியை ஒரு சாண் அரக்கி வைப்பது அங்கே எல்லோரும் செய்து, ஒருவரும் ஒப்புக்கொள்ளாத காரியம். கடையையும் அப்படி யாரோ அரக்கிவிட்டதாகவே நினைத்தார்கள். புதன்கிழமை கடை இன்னொரு முழம் போனது. வேலிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அருளம்பலத்துக்கு இரண்டு பிழைப்பு. காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணிவரை வல்வெட்டித்துறையில் நொத்தாரிசு தேவராசாவிடம் காணி உறுதிப் பத்திரங்களைப் பிரதிபண்ணும் வேலை. சைக்கிளில் திரும்பி வந்து இரண்டு மணிக்குக் கடை திறப்பார். உப்பும் தேயிலையும் வாங்க வருகிறவர்கள் விடியற்காலையில் வருவார்கள்; பூட்டைப் பார்த்துவிட்டு சந்திக் கடைக்குப் போய்விடுவார்கள். பின்னேரத்தில் ஒரு நெருப்புப்பெட்டி, அரைப்போத்தல் மண்ணெண்ணெய், அவ்வளவுதான். வேலையில் வந்ததைக் கடை தின்றது, கடையில் இருந்ததை எலி தின்றது. வேலையை விட்டால் கடை ஒரு மாதம் தாங்காது. கடையை விட அவருக்கு மனம் வரவில்லை. அந்த மண்சுவரைத் தன் கையால் குழைத்து எழுப்பியவர் அவர்.

வேலைநாளில் ஒரு முழம், அதுதான் கடையின் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் நகராது. 1931இல் அவர் காய்ச்சலாய்ப் பதினேழு நாள் கடையிலேயே பாய்போட்டுப் படுத்திருந்தபோதும் நகரவில்லை. அது நகர்வதை யாரும் கண்ணால் கண்டதில்லை. கடை நிழலில் படுத்திருந்த ஆடுகள் கண் விழித்தபோது வெயிலில் கிடந்தன. உயிர்க்கம்பு நட்ட கதியால் வேலிகள் அதற்கு விலகி வழிவிட்டு, பின்னர் தளிர்த்து நின்றன. போன தடத்தில் தொட்டாற்சிணுங்கி ஓர் இலைகூடச் சுருங்கவில்லை. சில நாள் கராம்பு வாசம் மட்டும் வீசும். உள்ளே போத்தல் ஒன்றோடொன்று முட்டவில்லை, தராசுத்தட்டு ஆடவில்லை. வடக்கே, வல்வெட்டித்துறைப் பக்கமாக, வேலைக்குப் போன தன்னை நோக்கி அது வருகிறது என்பதை அருளம்பலம் இரண்டாம் மாதமே கண்டுகொண்டார். வெளியே தலையில் கைவைத்துக்கொண்டாலும், உள்ளுக்குள் அவருக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

வினை வந்தது அவர் எழுத்தால். கடைக்குத் தெற்கே இருந்த காணியை நமசிவாயம் வாங்கியபோது உறுதியைப் பிரதிபண்ணியவர் அருளம்பலமே. 'வடக்கெல்லை அருளம்பலத்தின் கடை' என்று முத்துமுத்தான எழுத்தில் எழுதியிருந்தார். கடை நிற்கும் இடத்தை எழுதவில்லை, கடையை எழுதிவிட்டார். அப்போது கடைகள் நடப்பதில்லை. நமசிவாயம் உறுதியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கடை போகப்போக அதன் பின்னாலேயே தன் வேலியையும் முழம்முழமாக நீட்டினார். பிறர் காணிகளுக்குள்ளால் கடை அகலத்தில் ஒரு நாடா மாதிரி அவருடைய நிலம் வடக்கே வளர்ந்தது.

"உறுதியிலை கிடக்கிறதைத்தானே செய்யிறன், அண்ணை. எழுதினது உங்கடை கைதானே?" என்பார்.

ஆறு வருடத்தில் அரை மைல் ஆயிற்று. பதினொரு காணிக்காரர்கள் சேர்ந்து பருத்தித்துறை நீதிமன்றத்தில் கடையின்மேல் வழக்குப் போட்டார்கள். தேவராசா தன் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். "அருளம்பலம், வழக்குத் தவணை நாளுக்கு முதல் நீர் கடையை நிப்பாட்டும். இல்லையெண்டால் வேலைக்கு வரவேண்டாம். என்ரை பேரும் சேர்ந்தெல்லோ கெடுது."

"ஓம் ஐயா" என்று வந்தவர், பாய்க்கப்பல் வடம் வாங்கிக் கடையைப் பனையில் கட்டினார். ஒன்றரைக் கிழமையில் பனையும் கூடவே ஒன்பது முழம் வந்திருந்தது. பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார். கடை பிள்ளையார் கோயிலையும் தாண்டியது. தவணைக்கு நாலு நாள் இருந்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சோறு கொண்டுவந்தவர் மனைவி மீனாம்பிகை. பிள்ளைகள் இல்லை. கல்யாணமான எட்டு வருடத்தில் அவர் வீட்டைத் தாண்டிப் போனது கோயிலுக்கும் இந்தச் சோற்றுப்பெட்டிக்கும்தான். கடை போகப்போக நடை நீண்டு, சோறு ஆறிக்கொண்டே வந்தது.

"இஞ்சாருங்கோ, நாளைக்குக் காலமையிலையிருந்து நான் கடையிலை இருக்கிறன்" என்றார்.

"உத்தியோகக்காரன்ரை பெண்சாதி கடையிலை இருக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கடை நடந்ததையே கதைச்சு முடிச்சிட்டுது. காலமை பூட்டினபடி விட்டிட்டுப் போனால் அது என்ன செய்யும்? உங்களைத் தேடித்தான் வரும். என்னையும் எட்டு வருசமா அப்பிடித்தானே வைச்சிருக்கிறியள். நான் நடக்கேல்லை, அவ்வளவுதான்."

கடை தன்னைத் தேடுகிறது என்று ஆறு வருடமாக மகிழ்ந்த மனிதர், வீட்டில் ஒருத்தி தேடிக்கொண்டிருந்ததை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அருளம்பலம் இடுப்பில் செருகியிருந்த கடைப்பூட்டின் திறப்பை எடுத்து மனைவி கையில் கொடுத்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு மீனாம்பிகை கடையைத் திறந்து, தராசைத் துடைத்துத் தூக்கி மாட்டினார். அன்று கடை ஒரு விரற்கடைகூட அசையவில்லை. அதற்கு அடுத்த நாளும் அசையவில்லை. சனம் ஒரு கிழமை கதைத்தது. பிறகு காலமைத் தேயிலைக்கு வரிசையில் நின்றது. மீனாம்பிகையின் நிறுவை நேர், பேச்சும் நேர். நீதவான், நின்றுவிட்ட கடையின்மேல் வழக்கு நிற்காது என்று தள்ளிவிட்டார். நமசிவாயத்தின் நாடாக்காணி உழவும் உதவாமல், விற்கவும் முடியாமல் கிடந்து, கடைசியில் ஊரார் போய்வரும் ஒழுங்கையாயிற்று. தேவராசா, இனிமேல் எல்லை எழுதும்போது கல்லையும் மரத்தையும் மட்டும் எழுதும்படி சொல்லி வேலையைத் தொடரவிட்டார். மரத்தை எழுத அருளம்பலத்துக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது.

1935 கார்த்திகையில், உடுப்பிட்டியில் அவர்களுடைய பூட்டிய வீடு ஒரு முழம் வடக்கே நகர்ந்திருந்தது. அருளம்பலம் சைக்கிளோடு வியர்த்து விறுவிறுத்துக் கடைக்கு வந்து சொன்னார். மீனாம்பிகை ஒரு கிழவருக்குப் பனங்கட்டி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"என்னைத் தேடி வருது. வரட்டும்," என்றார். "நீங்கள் ஒண்டும் கட்டப் போகாதேங்கோ."

யாரும் கட்டவில்லை. வீடு ஒழுங்கை வழியே வேலைநாளுக்கு ஒரு முழமாக, ஓடு ஒன்று விழாமல், அடுப்பில் மூடிவைத்த தணல் அணையாமல் வந்தது. வண்டிக்காரர்கள் அதைச் சுற்றிப்போகப் பழகிக்கொண்டார்கள். ஆறு வருடத்தில், 1941 மார்கழியில், வந்து கடையின் பக்கத்தில் நின்றது. கிணறு வரவில்லை. மீனாம்பிகை இடம் காட்ட, தை பிறந்ததும் புதிதாக ஒன்று வெட்டினார்கள். பன்னிரண்டு முழத்தில் நல்ல தண்ணீர்.