இரண்டும் இடது கால்

நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது: புதுசு. ஷூ தைக்கும் அந்தப் பட்டறையில் சேர்ந்து இருபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. முப்பதாம் நாள், வேலை உண்டா இல்லையா என்று முதலாளியம்மா சொல்லிவிடுவாள். அந்த நினைப்பில் புதுசுக்கு ஒரு வாரமாகச் சாப்பாடே இறங்கவில்லை.

முன்பு அவள் பன்னிரண்டு வருஷம் இருந்த ஆலையில் மேற்பார்வையாளர் வாயைத் திறந்தால் வசவுதான். அது பழகிப்போயிருந்தது. இங்கேயோ ஊசியை உடைத்தால், "கையில குத்திருச்சா?" என்று கேட்கிறார்கள். மனுஷர்கள் இப்படியும் இருப்பார்களா, இல்லை எல்லாத் திட்டையும் சேர்த்துவைத்து ஒரே நாளில் கொடுப்பார்களா? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பசை டப்பாவின் மூடியை எதற்குச் சங்கிலி போட்டு டப்பாவோடு கட்டியிருக்கிறார்கள், தையல் மெஷினில் எதற்கு ஒரு காந்தம் தொங்குகிறது, அதுவும் புரியவில்லை. கேட்கவும் பயம்.

அன்று சாயங்காலம் ஒரு ஜோடி ஷூவுக்குத் தோல் வெட்டினாள். அளவு அட்டையைத் தோல்மேல் வைத்து இடது காலுக்கு வெட்ட வேண்டும். பிறகு அட்டையைத் திருப்பிப் போட்டு வலது காலுக்கு. திருப்ப மறந்துவிட்டாள். இரண்டும் இடது கால். நல்ல தோல் வீண். ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் புருஷன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டும் இடது கால் உள்ள ஆளு யாராவது இருக்காங்களான்னு விசாரிச்சுப் பாக்கவா?" என்றான். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலையில் பட்டறைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தோல் வெட்டுகிற கண்ணாடிக்காரர், எல்லாரும் தங்கச்சி என்று கூப்பிடுகிற மெஷின்காரப் பெண், முதலாளியம்மா, மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பழைய துண்டுத் தோலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேஜை முழுக்க இடது கால்.

அவளுக்கு முகம் சிவந்தது. பையிலிருந்ததை எடுத்து மேஜைமேல் போட்டாள். "நான் வேண்டாம்னா நேரா சொல்லிருங்கம்மா. இப்படிக் கூட்டம் போட்டுக் கிண்டல் பண்ண வேண்டாம்."

"கிண்டலா?" கண்ணாடிக்காரர் நிஜமாகவே திகைத்தார். "மிச்சத் தோல்ல ஓட்டை ரெண்டும் ஒரே பக்கம் பாத்து இருந்துச்சு. காலைலேருந்து உங்க தப்பத்தாங்க செஞ்சு பாக்கறோம். எனக்கு அஞ்சாவது தடவைதான் அந்தத் தப்பு வந்துச்சு."

"எதுக்கு?"

"கை எங்க ஏமாறுதுன்னு தெரியணுமே," என்றாள் முதலாளியம்மா. "அட்டை ரெண்டு பக்கமும் ஒரே நிறம். பேசிக்கிட்டே வெட்டினா திருப்பினோமா இல்லையான்னு யாருக்கும் தெரியல. ஒரு பக்கம் சிவப்பு அடிச்சுரலாம்."

தங்கச்சி சிரித்தாள். "அந்தப் பசை மூடிச் சங்கிலி என் தப்புக்கா, மூடியைத் தொலைச்சு பசையெல்லாம் காஞ்சுருச்சு. காந்தம் அம்மாவோட தப்பு, ஊசி ஒண்ணு ஷூக்குள்ளயே போயிருச்சு."

புதுசு சங்கிலியைப் பார்த்தாள், காந்தத்தைப் பார்த்தாள். "அப்ப எனக்கு வேலை இருக்கா, இல்லையா?"

"நூத்திப்பத்து அட்டை இருக்கு," என்று முதலாளியம்மா ஒரு பெயிண்ட் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். "இன்னிக்குள்ள முடிக்க முடியாது. நாளைக்கும் வரணும்."

அவள் உட்கார்ந்து பூசத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஏன் வருகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் புருஷன் பயந்துகொண்டே கேட்டான். "ரொம்பத் திட்டினாங்களா?"

அவள் விரலில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தாள்.

"என்னன்னு சொல்லத் தெரியலைங்க. எல்லாரும் சேந்து என் தப்பைச் செஞ்சாங்க."