தங்க விளிம்பு அட்டை

என் அண்ணன் பெயர் தனாசியே. பெரிய கவிஞர். அதைவிடப் பெரிய தூதர். ரோமிலும் லிஸ்பனிலும் உட்கார்ந்துகொண்டு அவர் எழுதியதெல்லாம் பெல்கிரேடில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பற்றித்தான். பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அந்த மேசைக்கு ஆள் எப்படி வரும் என்பதை மட்டும் மனிதர் மறந்தே போனார்.

எங்கள் குலப் புனிதர் லூக்காவின் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வேண்டியவர்கள் வருவார்கள். புனிதருக்கு மெழுகுவத்தி ஏற்றி, வந்தவருக்குச் சர்க்கரை போட்ட கோதுமை தந்து, நெருங்கிய விருந்தாளியோடு சேர்ந்து புனிதர் ரொட்டியை வெட்டுவோம். கடைசி விருந்தாளி போகும்வரை வீட்டுக்காரர் உட்காராமல் நின்று பரிமாறுவார். ஓய்வு பெற்றுத் திரும்பிய அண்ணன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஊரில் பாதிப் பேருக்குத் தங்க விளிம்பு வைத்த அழைப்பு அட்டை அனுப்பிவிட்டார். அட்டை கிடைத்தவர்களுக்குக் கோபம். கிடைக்காதவர்களுக்கு அதைவிடக் கோபம்.

புனிதர் நாளன்று அண்ணன் காலையிலிருந்து நின்றார். அட்டையில் போட்ட மாலை ஆறு மணி தாண்டியும் ஒரு ஆள் வரவில்லை.

"ஒப்ரென் வருவான். ரொட்டியை அவனோடதான் வெட்டணும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பழைய நண்பர் ஒப்ரெனின் மகனுக்கு அண்ணன் ஞானத்தந்தை. அயல்நாட்டில் தனியாக மெழுகுவத்தி ஏற்றிய வருஷமெல்லாம் அவர் ஏங்கியது இந்த ஒருவருக்காகத்தான்.

பொறுக்க முடியாமல் பக்கத்துத் தெருவுக்கு ஓடினேன். ஒப்ரென் அடுப்போரம் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா ஸ்டானா, நான் என்ன பிரெஞ்சுத் தூதரா? அவன் இல்லாத வருஷம்கூடக் கூப்பிடாமலே வந்து உன் கையால தின்னவன். இப்ப ஆறு மணிக்குக் கறுப்புக் கோட்டு போட்டுட்டு வரணுமாம்."

"அண்ணன் காலையிலேருந்து நிக்கிறாரு."

"நிக்கட்டும். பூட்ஸை மாட்டினேன். அட்டை கண்ணுல பட்டுது. கழட்டிட்டேன்."

திரும்பி வந்து, "வரமாட்டாரு. அட்டையைப் பார்த்துட்டு பூட்ஸைக் கழட்டிட்டாரு," என்றேன்.

"மரியாதைன்னு நெனச்சேன்," என்றார் அண்ணன். மெழுகுவத்தி பாதி எரிந்திருந்தது.

"கொஞ்சம் உட்காருங்களேன்."

"விருந்தாளியே வரலை. எப்படி உட்கார்றது?"

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்திவிட்டுத் தட்டினேன். அவர் திறந்தார்.

"புனிதர் நாள் வாழ்த்து, வீட்டுக்காரரே."

அண்ணன் சர்க்கரை போட்ட கோதுமையையும் கரண்டியையும் நீட்டினார்.

"உனக்கு நான் அட்டை அனுப்பலையே ஸ்டானா."

"அதனாலதான் வந்தேன்."

ரொட்டியை இருவருமாகப் பிடித்துச் சுழற்றி வெட்டினோம். எனக்கு மது ஊற்றினார், சூப் ஊற்றினார், மீன் வைத்தார். விருந்தாளி போகும்வரை அவர் உட்காரமாட்டார். எனக்கோ போவதற்கு வேறு வீடு இல்லை.