செத்த பல்லும் திரௌபதி வேஷமும்

சிங்கவரத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைக்க மாடு பூட்டிக் கவலை ஓட்டும்போது வடம் அறுந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த நான், நுகத்தடியில் வாய் மோத விழுந்தேன். மேல் முன்பற்கள் இரண்டும் கொஞ்ச நாள் ஆடி நின்றன. பிறகு கறுத்தன, ஈறில் சீழ் வைத்தது.

திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் வருஷா வருஷம் நான்தான் திரௌபதி. முன்பல் போனால் காற்று போகும். பாட்டும் போகும், வேஷமும் போகும்.

பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்ப் பல் டாக்டரைப் பார்த்தேன். பல்லின் பின்பக்கம் ஓட்டை போட்டார். மயிரிழை போன்ற ஊசியை விட்டு அழுகின நரம்பை இழுத்தார். பல் இரண்டும் செத்துவிட்டதாகவும், பிடுங்க வேண்டாம், அடுத்த வாரம் வந்தால் மருந்து வைத்து அடைத்துவிடலாம் என்றும் சொன்னார்.

வலி போனது, பயம் வந்தது. காப்புக் கட்டினவன் சாவு வீட்டு வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. செத்ததை வாயிலேயே வைத்துக்கொண்டு அம்மன் வேஷம் கட்டலாமா? கூத்து வாத்தியார் ராஜாங்கத்திடம் கேட்டேன். அவரும் தலையைச் சொறிந்து, பிடுங்கிவிடுவதுதான் நல்லது, இந்த வருஷம் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார்.

வீட்டில் என் பெண்டாட்டி அம்மாக்கண்ணு விதைக்கடலைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பல்லைப் பிடுங்கப் போவதைச் சொன்னேன். அவள் நிமிரவே இல்லை.

"சபையில திரௌபதியம்மா இன்னாத்த விரிச்சிப் போட்டுக்கினு நின்னா?"

கூந்தலை என்றேன்.

"அத வெட்டினா வலிக்குதா? உசுரு இருக்குதா அதுல?"

இல்லை என்றேன்.

"அப்ப அம்மாளுக்கும் தீட்டா? போய்யா, போயி அடைச்சிக்கினு வா."

ராஜாங்கத்திடம் போய் அப்படியே சொன்னேன். வெகுநேரம் சிரித்தார்.

"பொம்பள வேஷம் கட்டறது நீ. புத்தி மட்டும் அவகிட்ட இருக்குது."

மறுவாரம் டாக்டர் ஓட்டைகளை அடைத்தார். திரும்பி வந்ததும் ராஜாங்கம் என்னை நிற்கவைத்து, துகில் உரியும் கட்டத்தைப் பாடச் சொன்னார். "சபையோரே" என்று எடுத்தேன். 'ச' சீட்டியடிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கையை மட்டும் உயர்த்தினார்.

"இன்னும் மேல ஏறு."

ஏறினேன். குரல் போன இடமெல்லாம் பல் ஈடுகொடுத்து நின்றது.