இரண்டாம் தொட்டியின் கன்று

இரண்டாம் தொட்டி கன்று போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்று அந்தத் தொட்டியைக் கழுவும் முறை. உள்ளே இருந்ததை வடித்துவிட்டு, ஆள் இறங்கும் வட்டக் கதவைத் திறந்தபோது, எஃகுத் தரையில் நாலு காலையும் பரப்பிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு வெள்ளைக் கன்று நின்றிருந்தது. அந்தப் பால் தொழிற்சாலையில் மாடு எதுவும் கிடையாது. அங்கே பாலை உண்டாக்கியது ஈஸ்ட். பசுவின் உடம்பில் பால் புரதத்தைச் செய்ய வைக்கும் மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்து, சர்க்கரைத் தண்ணீரும் காற்றும் கொடுத்து, இளஞ்சூட்டில் கலக்கிக்கொண்டே இருந்தால் அதுவும் அதே புரதத்தைச் சுரக்கும். பிரித்தெடுத்துக் கொழுப்பும் உப்பும் சேர்த்தால் பால். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் குடித்தார்கள். கன்றின் மேல் மாட்டு வாசனையே இல்லை, புளித்த மாவு வாசனைதான் அடித்தது என்றார்கள் கழுவப் போனவர்கள்.

தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட பொறியாளரை எல்லோரும் நுரையம்மா என்பார்கள். நுரை பொங்கும் விதத்தை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவள் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கன்றைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது மேலாளர் வந்தார். அது எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை, எப்போது போகும் என்றுதான் கேட்டார். “இது சாப்பாடு செய்யுற இடம்மா. ஒரு ரோமம் உள்ள விழுந்தாலும் மொத்தத்தையும் சாக்கடையில ஊத்தணும்.” பக்கத்து மாட்டுப் பண்ணைக்கு ஆள் அனுப்பினார்கள். அனுப்பிய பிறகுதான் யாருக்கோ நினைவு வந்தது, பண்ணைக்காரி நுரையம்மாவின் கூடப்பிறந்த அக்கா என்று.

இருவரும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. தொழிற்சாலை திறந்ததும் அக்காவின் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். மாடுகளில் பாதியை விற்க வேண்டியதாயிற்று. கூடப்பிறந்தவளே வயிற்றில் அடித்துவிட்டாள், அது பாலே இல்லை, வெள்ளையடித்த தண்ணீர் என்று தெருவில் நின்று சொன்னாள் அக்கா. நாற்றம் பிடித்த கொட்டகையைக் கட்டிக்கொண்டு அழு என்றாள் தங்கை. இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் படம் ஆடும். அப்படியும் பேச்சில்லை. அன்றும் அக்கா வண்டியோடு வந்து, காவலாளியிடம் மட்டும் பேசி, கன்றைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதிலிருந்து இரண்டாம் தொட்டி பால் கொடுக்கவில்லை. ஈஸ்ட் நன்றாகத்தான் பெருகியது, நுரையும் பொங்கியது, புரதம் மட்டும் இல்லை. நுரையம்மா சர்க்கரையைக் கூட்டினாள், சூட்டைக் குறைத்தாள், உறையாக விடும் ஈஸ்டையே மாற்றினாள். மரபணு வைத்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று ஆய்வுக்கூடம் சொன்னது. தலையைப் பிய்த்துக்கொண்டாள். இப்படியே போனால் தொட்டியைக் கழற்றி இரும்புக்குப் போட வேண்டியதுதான் என்றார் மேலாளர். அங்கே கொட்டகையில் அக்காவும் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். கன்று எந்த மாட்டின் மடியிலும் வாய் வைக்கவில்லை. புட்டியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாட்டு வைத்தியர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, நோய் எதுவும் இல்லை, ஏக்கம்தான் என்றார்.

கடைசியில் ஒரு மத்தியானம், எழுந்து நிற்கவும் தெம்பில்லாத கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா தொழிற்சாலை வாசலுக்கு வந்து, தங்கையைக் கூப்பிடச் சொன்னாள்.

“உன் பிள்ள சாப்பிட மாட்டேங்குது.”

“என் பிள்ளயா?”

“பின்ன, என் மாடா பெத்துச்சு?”

நுரையம்மா கன்றின் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. “உள்ள வாக்கா” என்றாள். மேலாளர் வேண்டாம், வேண்டாம் என்று பின்னாலேயே வந்தார். மாதிரி எடுக்கும் சிறு குழாய் தொட்டியின் அடிப்பக்கத்தில் இருந்தது. அதைக் கன்றின் வாயருகில் திறந்தால் கிருமி ஏறித் தொட்டி மொத்தமும் கெடலாம், தன் வேலையும் போகலாம் என்பது அவளுக்குத் தெரியும். அக்கா கன்றின் தலையைத் தாங்கிப் பிடித்தாள், தங்கை திறந்தாள். முதலில் கலங்கல் தண்ணீர் வந்தது. கன்று குழாயை ஒருமுறை முட்டியது. தொட்டிக்குள் ஏதோ இறங்குவது போல ஒரு சத்தம். பிறகு பால் வந்தது, பிரிக்காமல், கொழுப்புச் சேர்க்காமல், கெட்டியாக, சூடாக. கன்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. வழிந்ததை உள்ளங்கையில் ஏந்தி அக்கா வாயில் வைத்துப் பார்த்தாள். அந்தத் தொழிற்சாலைப் பாலில் ஒரு சொட்டைக்கூட அவள் அதுவரை வீட்டுக்குள் விட்டதில்லை.

“பால்தான்டி இது” என்றாள். தங்கை அழுதாள். மேலாளர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொட்டி கெடவில்லை. அதன் பிறகு அக்கா காலையும் மாலையும் கன்றை ஓட்டி வந்தாள், பக்கவாட்டில் அதற்கென்றே ஒரு கதவு வைத்தார்கள். கன்று குடித்து மீந்ததைத்தான் ஊருக்கு அனுப்பினார்கள், அப்படியும் முன்னைவிட அதிகமாகவே இருந்தது. சுகாதார ஆய்வாளர் வந்த சமயம் அது குடித்துக்கொண்டிருந்தது. முடிக்கும்வரை ஓரமாக நின்றுவிட்டு, குழாய்களைச் சோதித்துக்கொண்டு போனார். அக்காவின் பாலுக்கும் ஆட்கள் திரும்பி வந்தார்கள், எல்லோரும் அல்ல. அவள் சில நாள் அதற்காகத் தங்கையைத் திட்டுவாள், தங்கையும் பதிலுக்குத் திட்டுவாள், சுவரின் இரண்டு பக்கமும் கேட்கும்.

கன்று கிடாரியாகிப் புல் தின்னப் பழகிய வருஷம் ஒன்றாம் தொட்டி காரணமில்லாமல் வியர்த்தது. மேலாளரே அக்காவுக்கு ஆள் அனுப்பினார். அவள் எஃகின் மேல் கன்னத்தை வைத்துக் கேட்டுவிட்டு, “இன்னிக்கோ நாளைக்கோ” என்றாள். தங்கை கலக்கியின் வேகத்தைக் குறைத்தாள். மேலாளர் வைக்கோலுக்குச் சொல்லிவிட்டு, மற்ற தொட்டிகளைப் பார்க்கப் போனார்.